பங்கஜாட்சிக்குக் கூடிய மூன்று வயது

முதல் கல் ஓட்டின் மேல் உருண்டு முற்றத்தில் விழுந்தபோது, ஹெட்கிளார்க் கிருஷ்ணன்குட்டி தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பத்து நிமிஷம்," என்றார். "அதுக்கு மேலே அந்த நோட்டை உங்க கையிலே விட எனக்கு அதிகாரம் இல்ல, இன்ஸ்பெக்டர் சாரே."

பொன்னையன் தலையை மட்டும் அசைத்தார். திருவிதாங்கூர் அஞ்சல் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். பிறர் கையெழுத்தைப் படித்தே கண் பழகிய மனிதர். பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் மொட்டைக் கடிதமோ கள்ளப் பத்திரமோ எது முளைத்தாலும், ஜனங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் முன்னால் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அவரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கூலி வாங்கியதும் இல்லை. செறுவிளை வீட்டுக்காரர் உதவி செய்வார், கைநீட்ட மாட்டார் என்பது அவர் தகப்பனார் காலத்துச் சட்டம்.

இரண்டாவது கல் ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது.

"பயப்படாதீங்க மாமா," என்றாள் பக்கத்தில் நின்ற ராஜபாய். "கல்லு ஹெட்கிளார்க்குக்கு உள்ளதாக்கும். ஆனா ஓடு பிரிஞ்சா எல்லாருக்க தலையிலேயும் வஞ்சனை இல்லாம விழும்."

ராஜபாய் அவருடைய தங்கை மகள். முப்பது வயது. பாறசாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறாள். மாமா துப்பறியக் கிளம்பும் நாளில் இன்ஸ்டிடியூட்டுக்குப் பூட்டுத் தொங்கும். அவள் வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது.

புன்னறவிளை பஞ்சாயத்து ஆபீஸ் கொல்லயிலுக்கும் குளத்தூருக்கும் நடுவே, வயலை ஒட்டி நின்றது. அன்று 1956 அக்டோபர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை. இன்னும் மூன்றே நாளில் ராஜ்ஜியம் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே நான்கு தாலுகா சென்னையோடு போகிறது. இந்த ஊர் சேர்ந்த நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கமே நிற்கிறது. இத்தனை வருஷம் கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்கும் போய் வந்த தமிழர்களுக்கு அது ஆறாத புண். அந்தப் புண்ணில் உப்பு வைத்தாற்போல் வந்து சேர்ந்ததுதான் பங்கஜாட்சியின் விவகாரம்.

பங்கஜாட்சி இந்தப் பஞ்சாயத்தின் மிட்வைஃப். இருபத்துமூன்றரை வருஷ சர்வீஸ். இருபத்தைந்து வருஷம் முடித்தால்தான் பஞ்சாயத்து மாதாமாதம் பென்ஷன் கொடுக்கும். ஐம்பத்தைந்து வயது ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடும். சர்வீஸ் புத்தகப்படி அவள் பிறந்தது இந்த நாட்டு வருஷக் கணக்கில் கொல்லம் 1079, அதாவது 1904. வயது ஐம்பத்திரண்டு. ஆகவே கவலைப்பட ஒன்றும் இருந்ததில்லை, போன வாரம் வரைக்கும்.

போன வாரம் மனுப்பெட்டியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடந்தது. அவளுடைய தாய்மாமன் பாலையன் வாத்தியார் குடும்பத்துப் பிறப்பு இறப்புகளை எழுதி வைத்த நோட்டு. கூடவே பெயரில்லாத ஒரு துண்டுக் காகிதம்: 'இவள் பிறந்தது 1076. மூன்று வயதை மறைத்துச் சம்பளம் வாங்குகிறாள்.'

வயதை மறைத்தது உண்மையென்றால் அது மோசடி. மோசடியென்றால் டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆனவருக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கமிட்டி கூடுகிறது. நோட்டை வெளியே எடுத்துக் கமிட்டி முன் வைத்தவர் ஹெட்கிளார்க் கிருஷ்ணன்குட்டி, அவர் மலையாளி. தமிழ்ப் பெண்ணின் பிழைப்பில் மலையாளி மண் போடுகிறான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. முற்றத்துக் கூட்டத்தில் எல்லாரையும்விட உரத்துக் கேட்ட குரல் பொன்னையனுடைய தம்பி ஜெயதாஸின் குரல். மூன்று வருஷத்துக்கு முன் மதுரையை விட்டு ஊர் திரும்பிய நாள் முதல் ஜெயதாஸ் ஏறாத மேடை இல்லை. தம்பியின் தொண்டையைப் பற்றிப் பொன்னையனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் ஒரு தாள் தைத்த நூலோரமாக அறுக்கப்பட்டிருந்தது. அதற்கு இரண்டு தாள் முன்னால் நிறுத்தினார். இடது பக்கத்தில் இப்படி இருந்தது:

'1071 பங்குனி 6. தங்கை சரசம்மாவுக்கு ஆண் குழந்தை. 1071 சித்திரை 3. இருபத்தெட்டுக் கட்டு.'

வலது பக்கம், கீழ்ப்பாதியில்:

'1076 பங்குனி 12. தங்கை சரசம்மாவுக்குப் பெண் குழந்தை, பங்கஜாட்சி. 1077 சித்திரை 9. இருபத்தெட்டுக் கட்டு.'

பிறந்த இருபத்தெட்டாம் நாள் பிள்ளையின் இடுப்பில் கறுப்புச் சரடு கட்டும் சடங்கு அது. இந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலும் தவறாது.

"கை ஒரே கைதான்," என்றாள் ராஜபாய், எட்டிப் பார்த்து. "அதே சுழி, அதே கொம்பு. வாத்தியார் எழுந்து வந்து பாத்தாக்கூட தன் எழுத்துன்னு ஒத்துக்குவாரு."

பொன்னையன் நோட்டை மூடாமல் தலை நிமிர்ந்தார். "கிருஷ்ணன்குட்டி, உம்மிடம் ஒரு கேள்வி. உம்ம வீட்டில் வருஷம் எப்போது பிறக்கும்?"

"இதென்ன பரீட்சையா?" ஹெட்கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சிங்கம் ஒந்நு. நிங்ஙள் ஆவணி ஒண்ணுன்னு சொல்லுவீங்க. கொல்லம் வருஷம் வேற எப்போ மாறும்?"

"அப்படியானால் இதை நீர் எழுதவில்லை."

கிருஷ்ணன்குட்டி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே அவருடைய பெயரைச் சொல்லி யாரோ 'ஒழிக' போட்டார்கள்.

"இந்த மண்ணில் ஆவணி முதல் தேதிதான் வருஷத்துக்கு எண் மாறும்," என்றார் பொன்னையன், ஒரு விரலை இடது பக்கத்தில் ஊன்றி. "பங்குனிக்கும் சித்திரைக்கும் ஒரே எண்தான். வாத்தியார் அப்படித்தான் எழுதியிருக்கிறார், பங்குனியும் 1071, சித்திரையும் 1071. வலது பக்கம் எழுதினவன் என்ன செய்தான்? பங்குனிக்கு 1076 போட்டான். சித்திரை வந்ததும் கை தன்னாலே 1077 போட்டுவிட்டது. சித்திரையில் வருஷம் பிறக்கிறது எந்த ஊரில்?"

"ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, பாண்டிநாட்டிலே," என்றாள் ராஜபாய். பிறகு சிரித்தாள். "ஐயோ பாவம். மலையாளியைக் கல்லெறிய வந்திருக்கது தமிழ்க்கூட்டம். எழுதினவன் மலையாளியா இருந்தா இந்தத் தப்பே வராது. எழுதினவன் பச்சைத் தமிழனாக்கும்."

பொன்னையனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கிருஷ்ணன்குட்டி குற்றவாளியாக இருந்திருந்தால் அவருக்கு அதிக வருத்தம் இருந்திராது. ஆனால் எண் எண்தான்.

கிருஷ்ணன்குட்டி நோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நல்ல பாயிண்டு சாரே. ஆனா கமிட்டி என்ன கேக்கும்? வாத்தியாருக்குக் கை தெற்றிப் போகக் கூடாதான்னு கேக்கும். எழுதின ஆள் ஆருன்னு சொல்லுங்க, நோட்டைத் தள்ளிரலாம். இல்லேன்னா விசாரணை நீளும். புது ராஜ்ஜியத்துக் கணக்குக்குப் போற ஸ்டாஃப் பட்டியல் முப்பத்தொண்ணாம் தேதி அடைக்கணும். விசாரணையிலே நிக்கற பேரு அதிலே ஏறாது. ஏறாத பேருக்கு ஒந்நாம் தேதி முதல் வேலை இல்ல, பழைய சர்வீசும் இல்ல."

"அப்போ பொய்னு தெரிஞ்சாலும் பத்தாது. ஆள் வேணும்," என்றாள் ராஜபாய்.

"ஆள் வேணும். மூணு மணிக்கு முன்னே வேணும்."

மணி பதினொன்றரை.

பங்கஜாட்சி ஆபீசின் பின்பக்கத்து நடையில், தன் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று விடியுமுன் எழுந்து கோட்டுகாலில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். கையில் டெட்டால் மணம் போகவில்லை.

"எனக்குக் கள்ளி பட்டம் வேண்டாம் சாரே," என்றாள். "பென்ஷன் இல்லேன்னா எப்படியும் கஞ்சி குடிச்சுக்கலாம்னு வாயால சொல்லலாம். ஆனா வேற வழி எனக்குக் கிடையாது. கட்டினவன் செத்து பதினெட்டு வருஷம் ஆச்சு. பிள்ளையும் இல்ல. இந்த வேலை தீந்தா அந்தப் பென்ஷன்தான் எனக்குப் பிள்ளை."

"வாத்தியாருடைய நோட்டு எங்கே இருந்தது?"

"மாமாவுக்க மரப்பெட்டியிலே. போன வருஷம் மாமா செத்தாரு. இந்த ஆடியிலே அவருக்க மருமவன் பெட்டியோட வித்துட்டான். பாறசாலைச் சந்தையிலே பழைய சாமான் எடுக்கிற பொன்னுதாஸ் வந்து கொண்டு போனான்."

பொன்னையன் குடையை எடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பஸ் வராததால் வயல் வரப்பில் குறுக்கே நடந்தார்கள். பொன்னையன் முன்னால், முதுகு வளையாமல். ராஜபாய் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மாமா, ஒரு சந்தேகம். சித்திரையிலே வருஷம் மாத்தினவன் பாண்டிநாட்டுக்காரன். சரி. அந்த ஆளுக்கு இருபத்தெட்டுக் கட்டுன்னு எழுத எப்படித் தெரிஞ்சுது? நாள் கணக்குக்கூடப் பிசகல்லியே."

பொன்னையன் நின்றார். அவருக்குத் தோன்றாதது அது.

"சொல்லு."

"இஞ்ச பிறந்தவன். அவனுக்க இடுப்பிலேயும் அந்தச் சரடு கட்டியிருக்கும். ஆனா வளந்த பிறவு வேற ஊருச் சுவத்துக் காலண்டரைப் பாத்துப் பிழைச்சவன். பத்து வருஷம் பத்தாது, நிறைய வருஷம். ஊரு மறக்கல்ல, வருஷம் மட்டும் மறந்து போச்சு."

அவர் நடந்துகொண்டே எண்ணினார். கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிய ஒருவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற ஒருவர். பட்டாளத்துக்காரர் இரண்டு பேர். விரலை மடக்கி மடக்கி நான்கு வரை வந்தார். ஐந்தாவது விரல் மடங்கவில்லை. மடங்கும்படி அவர் விடவில்லை என்பதுதான் சரி.

பொன்னுதாஸின் கடை, சந்தையின் மேற்கு மூலையில் ஓலைக்கூரைக்குக் கீழே இருந்தது. துருப்பிடித்த தராசு, காலில்லாத நாற்காலி, சாவியில்லாத பூட்டு எல்லாம் நனையாமல் உள்ளே ஒடுங்கிக் கிடந்தன. பொன்னையனைக் கண்டதும் பொன்னுதாஸ் தலைக்கட்டை அவிழ்த்து எழுந்தான். ஒரு ஸ்டூலை இரண்டு முறை துடைத்தான்.

"இன்ஸ்பெக்டர் ஏமானே, மழையிலே நடந்தா வந்தீய? சாயா வாங்கட்டா?"

"சாயா வேண்டாம். பாலையன் வாத்தியார் பெட்டியை யாருக்கு விற்றாய்?"

"பெட்டியா? இந்தச் சந்தையிலே நாளொண்ணுக்கு எத்தனை பெட்டி வருது, எத்தனை பெட்டி போகுது. யாருக்கு ஓர்மை இருக்கும்?"

ராஜபாய் கடைக்குள் நுழைந்து சாமான்களைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, எனக்கு இன்ஸ்டிடியூட்டிலே காகிதம் வைக்க ஒரு பெட்டி வேணும். வாத்தியாரு பெட்டின்னா ராசி. அந்த மாதிரி ஒண்ணு கிட்டுமா?"

"அந்த மாதிரி என்னத்துக்கு மோளே, அதே பெட்டி உண்டு," என்று பொன்னுதாஸ் வியாபாரப் பழக்கத்தில் ஒரு சாக்கை விலக்கினான். அயனிப் பலகையில் செய்த பெட்டி, பித்தளைக் கைப்பிடியோடு. "நல்ல உருப்படி. உள்ளே இருந்த ஒரு நோட்டு மட்டும்தான் போச்சு."

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"பாருங்க மாமா," என்றாள் ராஜபாய். "பித்தளைப் பிடி போட்ட பெட்டியை விட்டுட்டுக் கரையான் தின்ன நோட்டை வாங்கிக் கொண்டு போன புண்ணியவான். அவரைப் பாத்து ரெண்டு கும்பிடு போடணும்."

"யார் அவன்?" என்றார் பொன்னையன்.

பொன்னுதாஸ் தராசுத் தட்டைத் துடைத்தான். பூட்டு ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைத்தான். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "ஏமானே, எனக்க கடையிலே களவுச் சாமான் இல்ல. நியாயமா வாங்கினேன், நியாயமா வித்தேன். வாங்கினவருக்க பேரை உங்ககிட்டே சொல்ல எனக்கு நாக்கு வராது."

"மிரட்டியிருக்கிறானா?"

"மிரட்டல்லாம் இல்ல. மரியாதைப்பட்ட ஆளு." கொஞ்சம் தயங்கினான். "வேணும்னா மோளுகிட்டே சொல்லுதேன். நீங்க ஒரு மாதிரி இந்தப் பக்கம் நில்லுங்க."

பொன்னையன் கூரை ஓரத்தில் போய் நின்றார். ஓலை நுனியிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேல் சொட்டியது. உள்ளே பொன்னுதாஸ் குனிந்து சொன்னது கேட்கவில்லை. ராஜபாய் திரும்பி வந்தாள். செருப்பைக் கீழே போட்டு, ஒரு காலை நுழைத்து, மறு காலை நுழைத்து, வார் போட்டாள்.

"பஸ் வந்துரும் மாமா," என்றாள்.

ஒரு பேச்சுக்கு ஒரு கிண்டல் என்று இருபது வருஷமாக அவரோடு நடக்கிறவள். இப்போது அவள் வாயிலிருந்து கிண்டல் ஒன்றும் வரவில்லை.

"பெயரைச் சொல்லு."

"நம்ம திரும்பி வீட்டுக்குப் போயிரலாம். ஆள் கிட்டல்லன்னு சொல்லிரலாம்."

"ராஜபாய்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சின்ன மாமா."

மதுரை. இருபத்திரண்டு வருஷம். வக்கீல் ஆபீசில் நகல் எழுதுகிற குமாஸ்தா. எந்தக் கையெழுத்தையும் பார்த்த மாத்திரத்தில் எழுதுவான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை சொன்னது யார்? அவரேதான். மடங்காத ஐந்தாவது விரல் இப்போது தானாக மடங்கியது.

இருவரும் பஸ் ஏறினார்கள். புன்னறவிளையில் இறங்கியபோது மணி இரண்டரை. முற்றத்தில் கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. கிருஷ்ணன்குட்டியின் வாடகை வீட்டுக்குப் போகலாம் என்று சிலர் கிளம்பத் தயாராக நின்றார்கள். அந்த வீட்டில் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். திண்டில் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்த ஜெயதாஸ், அண்ணனைக் கண்டதும் பேச்சை நிறுத்தி இறங்கி வந்தார்.

"வந்தாச்சா அண்ணே? ஆளைப் பிடிச்சாச்சா?"

"எலே ஜெயதாசு, கிணற்றடிக்கு வா."

ஆபீஸ் பின்பக்கத்துக் கிணற்றடியில் மூவர் மட்டும். பொன்னையன் நேராக நின்று கேட்டார்.

"கொல்லம் வருஷம் என்றைக்கு மாறும்?"

"இதென்ன கேள்வி. தமிழனுக்குச் சித்திரை ஒண்ணுக்குத்தான் வருஷம் பிறக்கும்," என்றார் ஜெயதாஸ், மேடையின் சூடு இன்னும் அடங்காத குரலில். "அதைத்தானே நானும் கூவிட்டு இருக்கேன்."

ஜெயதாஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னுதாஸின் பெயரை யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. தோளில் கிடந்த துண்டு மெதுவாகச் சரிந்தது.

"எதற்காக?" என்றார் பொன்னையன்.

"குமாரிக்காக."

குமாரி ஜெயதாஸின் ஒரே மகள். "குமாரிக்கும் இதற்கும் என்ன?"

"அவ மிட்வைஃப் பரீட்சை தேறியாச்சு. உனக்குத் தெரியாது. நாகர்கோவிலிலே தையல் படிக்கான்னு உன்கிட்டே சொல்லியிருக்கு. செறுவிளை வீட்டுப் பெண்ணு பையைத் தூக்கிட்டு ஊரார் வீட்டிலே பேறு பாக்கப் போவாளான்னு நீ கேட்பே. கேட்டியா இல்லியா, ராஜபாய் டைப் அடிக்கப் போன அன்னைக்கு? மூணு மாசம் அவகிட்டே பேசல்ல நீ." ஜெயதாஸ் கிணற்றுச் சுவரில் சாய்ந்தார். "நேரே கேட்டா சம்மதிக்க மாட்டே. வேலையும் காலி இல்ல. முப்பத்தொண்ணாம் தேதி யாரு அந்த நாற்காலியிலே இருக்காளோ அவளுக்கு வேலை நிரந்தரம். ஒண்ணாம் தேதிக்குப் பிறகு இந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைக்கு ஆரு வேலை தருவான்? மூணு வயசு கூட்டினா பங்கஜாட்சி வயசாகி இறங்குவா, அவ்வளவுதான்னு நினைச்சேன். டிஸ்மிஸ் வரைக்கும் போகும்னு நினைக்கல்ல."

"அது தெரிந்த பிறகும் கூட்டத்தில் நின்று கத்தினாயே."

"பிறகு எங்கே நிக்கறது அண்ணே? வீட்டிலே இருந்தா சந்தேகம் வரும்."

ராஜபாய் மெதுவாகக் கேட்டாள். "சின்ன மாமா, நோட்டிலே ஒரு தாளை அறுத்தீங்களே. அதை எரிச்சாச்சா?"

ஜெயதாஸ் சட்டையின் உள்பையில் கைவிட்டார். நான்காக மடித்த ஒரு தாள். "அசலை அழிக்கக் கை வரல்ல. இருபத்திரண்டு வருஷம் நகல் எழுதினவன். அசல் கிழிஞ்சா குமாஸ்தாவுக்கு வேலை போச்சு. அந்தப் பயம் இன்னும் விடல்ல."

பொன்னையன் பிரித்துப் பார்த்தார். பாலையன் வாத்தியாரின் உண்மையான கை. 1079 பங்குனி. 1079 சித்திரை. பங்கஜாட்சியின் ஐம்பத்திரண்டு வயதும் இருபத்தைந்து வருஷப் பென்ஷனும் அந்தத் தாளில் இருந்தன.

"இதை மேசையிலே வச்சுட்டுப் போயிரு அண்ணே," என்றார் ஜெயதாஸ் அவசரமாக. "யாரு வச்சான்னு யாருக்கும் தெரிய வேண்டாம். அந்தப் பொம்பளை தப்பிச்சுக்குவா. நம்ம வீட்டுப் பேரும் தப்பிக்கும். அப்பாவுக்க காலம் முதல் இந்த வீட்டிலே ஒருத்தன் பேரும் போலீஸ் டைரியிலே ஏறல்லன்னு நீதானே சொல்லுவே."

பொன்னையன் தாளை மடித்தார். அப்படிச் செய்ய அவருக்கு ஆசை வந்தது; அதை மறைக்க முடியாது. ஒரு நிமிஷ வேலை. ஜன்னல் வழியே தாளை உள்ளே போட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிடலாம்.

"நீ போட்ட நோட்டும் இப்படித்தான் பெயரில்லாமல் மேசைக்கு வந்தது," என்றார். "பெயரில்லாத காகிதத்தை இன்னொரு பெயரில்லாத காகிதம் தள்ளாது. எது அசல் என்று கேட்பார்கள். விசாரணை என்பார்கள். புதன்கிழமை பட்டியல் அடைந்துவிடும். பிறகு அவளுக்கு என்ன இருக்கு?"

"அண்ணே, என்னை ஜெயிலுக்கு அனுப்புவாங்க."

"அனுப்பலாம்."

"குமாரியை யாரு கட்டுவான்?"

பொன்னையன் ராஜபாயைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மணி ஆயிட்டு மாமா," என்றாள்.

கமிட்டி அறையில் பிரசிடெண்டும் நான்கு மெம்பர்களும் பெஞ்சில் இருந்தார்கள். பங்கஜாட்சி சுவரோரமாக, பையோடு நின்றாள். ஜன்னல்கள் முழுக்க முகங்கள். பொன்னையன் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நோட்டை விரித்து, அறுந்த தாளை அறுந்த இடத்தில் பொருத்தி வைத்தார். நூல் துளைகள் நான்கும் ஒன்றோடொன்று ஒத்து நின்றன. வருஷ எண்ணைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். பிரசிடெண்டு குனிந்து பார்த்தார். அவரும் ஆவணியில் வருஷம் பிறக்கும் வீட்டுக்காரர்தான், மேலே கேட்கத் தேவைப்படவில்லை.

"எழுதினது ஆரு?" என்றார் பிரசிடெண்டு.

ஜன்னலில் யாரோ 'கிருஷ்ணன்குட்டி' என்றான். பொன்னையன் அந்தப் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"கிருஷ்ணன்குட்டி எழுதவில்லை. அவர் வீட்டுக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் என் வீட்டுக்கு வரலாம். எழுதினவன் ஜெயதாஸ். என் தம்பி."

ஜன்னல்களில் ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கியது. கூட்டம் பின்னால் திரும்பி ஜெயதாஸைத் தேடியது. அவர் நடைவாசலில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடவில்லை.

"வாக்குமூலம் எழுதணும்," என்றார் பிரசிடெண்டு தாழ்ந்த குரலில். கிருஷ்ணன்குட்டி ஒரு முழுத்தாளை எடுத்து, மையைத் தொட்டார். அவருக்கு எதிரே நின்றவர் அன்று காலை வரை தம்மைக் கள்ளன் என்று நினைக்க ஆசைப்பட்டவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் முகத்தில் அது தெரியவில்லை. விதிப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"குற்றம் செய்த ஆளின் பேரு?"

"ஜெயதாஸ்."

"தகப்பன் பேரு?"

"ஞானாபரணம்."

"வீட்டுப் பேரு?"

பொன்னையனின் வாய் ஒருமுறை மூடித் திறந்தது. "செறுவிளை."

பேனா காகிதத்தில் நகரும் சத்தம் கேட்டது. கிருஷ்ணன்குட்டி அடுத்த வரிக்கு வந்து, தலை தூக்காமல் கேட்டார். "வாக்குமூலம் தரும் ஆளின் பேரு?"

"பொன்னையன்."

"தகப்பன் பேரு, வீட்டுப் பேரு?"

"மேலே எழுதினதையே எழுதும்," என்றார் பொன்னையன். "எழுதி முடித்ததும் அந்தப் பட்டியலை எடுத்து, அந்த அம்மாளின் பேரை என் கண் முன்னே ஏற்றும்."

கிருஷ்ணன்குட்டி பட்டியலை எடுத்தார். பங்கஜாட்சி சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். பதினொன்றாவது வரிசையில் அவள் பெயரும், கொல்லம் 1079 என்ற வருஷமும், இருபத்துமூன்று வருஷம் ஆறு மாதம் என்ற சர்வீசும் ஏறின. மை காயும் வரைக்கும் பொன்னையன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, தூணைப் பிடித்து நின்ற தம்பியின் தோளில் சரிந்து கிடந்த துண்டை எடுத்து நேராகப் போட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவரோடு நடந்தார்.